ஆறாம் நிலையில் வசனம் இல்லை

பிறர் வலியைத் தன் வலியாக உணரப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தே தீருவது என்று எங்கள் மறைக்கல்வி டீச்சருக்கு ஒரே பிடிவாதம். நல்ல மனுஷிதான். வாரா வாரம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அந்தத் தவக்காலத்தில் ஒரு முடிவுக்கு வந்தார். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையைப் பிள்ளைகளே நடிக்க வேண்டும். "நடிச்சுப் பாத்தாத்தான் மனசுல உறைக்கும்" என்றார். உறைக்கத்தான் செய்தது. யாருக்கு என்பதுதான் கேள்வி.

எனக்குப் பத்து வயது. வெரோணிக்கா வேடம் கிடைத்தது. சிலுவை சுமந்து போகிற இயேசுவின் முகத்தை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து துணியால் துடைத்துவிடும் பெண். பதினான்கு நிலைகளில் ஆறாவது. அந்த நிலையில் வசனமே கிடையாது, எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. "ரெண்டு பேரும் பேசக் கூடாது. கண்ணுலயே இரக்கம் தெரியணும்" என்றார் டீச்சர். நானும் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் இரக்கப்பட்டுப் பட்டுப் பழகி, "உள்ள என்னடி பண்ற, ஸ்கூல் பஸ் போயிரும்" என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இயேசுவாக நடித்தவன் ஜெரோம். பதின்மூன்று வயது, ஒல்லிக்குச்சி, வாய் திறக்கவே மாட்டான். அம்மா இல்லை. ஜொகூரின் தம்போயில் எங்கள் பிளாட்டுக்கு எதிர் பிளாட்டில் அப்பாவோடு இருந்தான். அப்பா தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். கோயிலில் நாற்காலி அடுக்கவும் கூடாரம் கட்டவும் முதல் ஆளாக நிற்பார். அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள்.

ஒத்திகை நன்றாகத்தான் போனது. பத்தாம் நிலையில், இயேசுவின் ஆடையைக் களையும் இடம் வந்தால் மட்டும் ஜெரோம் நின்றுவிடுவான்.

"சட்டைய மட்டும் கழட்ட மாட்டேன் டீச்சர்."

"ஆண்டவரே நமக்காக அவமானப்பட்டாரு. உனக்கு என்னப்பா வெக்கம்?"

தலையைக் குனிந்துகொண்டானே தவிர அசையவில்லை. டீச்சருக்கு வேறு வழி தெரியவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவன் அப்பாவிடமே சொல்லிவிட்டார்.

"அலமாக், இதுக்கா கவலைப்படுறீங்க? நான் பாத்துக்கிறேன் டீச்சர்" என்று அவர் சிரித்தார்.

பார்த்துக்கொண்டார்.

அந்த வருடங்களில் ஜொகூரில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. பெரிய வெள்ளிக்கு சிங்கப்பூரிலும் விடுமுறை. அதனால் கோயில் கார் நிறுத்துமிடம் நிறையக் கூட்டம். ஒப்பனைக்கு என் சித்தி வந்திருந்தார். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவர், ரத்தக் காயம் போடுவது அதுதான் முதல் தடவை. மறைக்கல்வி அறையில் என் முக்காட்டுக்கு ஊசி குத்திவிட்டு ஜெரோமைக் கூப்பிட்டார். அன்றைக்கு அவன் ஒன்றும் சொல்லாமல் சட்டையைக் கழற்றினான்.

சித்தி தூரிகையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அவன் முதுகில் எல்லாம் ஏற்கெனவே போட்டிருந்தது. நீளநீளமாகச் சிவப்பு, ஓரத்தில் நீலம், சில இடங்களில் பழைய மஞ்சள். தத்ரூபம். யாரோ முந்திக்கொண்டு போட்டுவிட்டார்கள், சித்திக்குப் பொறாமை என்று நினைத்தேன். சித்தி வெளியே போய் டீச்சரைக் கையோடு கூட்டிவந்தார். டீச்சர் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்ப என்ன டீச்சர் செய்றது?"

"ஃபாதர் வந்துட்டாரு, ஜனம் வந்துருச்சு..." என்றார் டீச்சர். "அதுக்கு மேலயே கொஞ்சம் பெயிண்ட் போட்டுருங்க. யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்புறமாப் பேசிக்கலாம்."

"ஏற்கெனவே இருக்கே சித்தி, எதுக்கு மறுபடியும்?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இரு லா" என்றார் சித்தி. தூரிகை பட்ட இடமெல்லாம் ஜெரோமின் தோள் சுருங்கியது. சின்ன வலியையும் பெரிய வலியையும் வேறு வேறாகக் காட்டுகிறானே, எவ்வளவு நன்றாக நடிக்கிறான் என்று எனக்கு ஒரே வியப்பு.

பெயிண்டுக்கு மேல் அங்கியை மாட்டிவிட்டதும் ஊர்வலம் புறப்பட்டது. தார் கொதித்தது. ஆறாம் நிலையில் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, அவன் முன்னால் மண்டியிட்டு, பழகியபடியே கண்ணில் இரக்கத்தை வரவழைத்துக்கொண்டு, துணியால் முகத்தைத் துடைத்தேன். அப்போது அவன் குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"இது முடிஞ்சதும் என்னை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? அம்மாகிட்டக் கேக்குறியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இப்படி எல்லாவற்றையும் கெடுக்கப் பார்க்கிறானே!

"இங்க உனக்கு வசனம் இல்ல" என்று நான் முணுமுணுத்தேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டு சிலுவையோடு நிமிர்ந்து நடந்தான். அதற்குப் பிறகு டீச்சர் சொல்லிக்கொடுத்ததைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தாம் நிலையில் ஆடையைக் களைந்தபோது கூட்டமே ஓவென்று அழுதது. எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவர் அவன் அப்பா. இரண்டு பெண்கள் அவரைத் தாங்கிப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, "வெறும் நடிப்புதானே, அழாதீங்க" என்று தேற்றினார்கள். அந்த அழுகை பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதை நினைத்தால்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

"அப்புறமாப் பேசிக்கலாம்" என்ற அந்த அப்புறம் வரவே இல்லை. சித்தி டீச்சரைப் பார்த்தார், டீச்சர் ஃபாதரைப் பார்த்தார், மூன்று பேரும் சேர்ந்து அது குடும்ப விஷயம் என்று முடித்துக்கொண்டார்கள். ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாளில் ஜெரோம் கோயிலுக்கு வருவது நின்றது. வீடு மாறி யோங் பெங் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். அங்கே எங்கே என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இப்போது நான் கேட்டால், பதில் சொல்ல யாரும் இல்லை.

அன்றைக்கு யாரோ எடுத்த பாழாய்ப்போன காணொளி மட்டும் போகவில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் யாராவது கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். மேக்கப் பிரமாதம் என்று கீழே எழுதுகிறார்கள். பிள்ளைகளுக்கு இரக்கம் என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்த நாள் என்று டீச்சரும் கைகூப்பும் படம் போடுகிறார். ஆறாம் நிலை வரும்போது என் உதடு அசைவது நன்றாகத் தெரியும். பார், அந்தச் சின்னப் பிள்ளை எப்படி உருகி ஜெபிக்குது என்கிறார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவிடம் ஒரு புகார் சொன்னேன். ஜெரோம் நன்றாகத்தான் நடித்தான், நடுவில் மட்டும் வசனத்தை மறந்து என்னென்னவோ உளறிவிட்டான் என்று.