கழுவி வைத்த டப்பா

லேப் கவுன்ட்டரில் இருந்த பெண் டப்பாவைத் திறந்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே விரலைவிட்டுத் தடவியும் பார்த்தார்.

"இதில் ஒண்ணும் இல்லல்லோ, சேச்சி?"

எப்படி இருக்கும்? சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, துணியால் துடைத்தல்லவா கொண்டுவந்திருக்கிறாள் என் தம்பி மனைவி கவிதா!

"ஆஸ்பத்திரிக்காரங்க கையில குடுக்கறத அழுக்கோட எப்புடிங் நங்கையா குடுக்கறது?" என்றாள் என்னிடம். எங்கள் பக்கம் கணவனின் அக்காவை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூடக் கழுவாமல் திருப்பிக் கொடுக்காதவள். இவளைப் போய் எப்படித் திட்டுவது?

நடந்து இரண்டு மூன்று மாதம் ஆகிறது. தம்பிக்குக் கேரள எல்லையில், கோவிந்தாபுரத்தில் மாந்தோப்பு. தினமும் காலையில் எழுந்தால் கவிதாவின் முகம் வீங்கியிருந்தது. அப்புறம் கால். மாமரத்துக்கு அடித்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். பாலக்காட்டு டாக்டர் சிறுநீரை டெஸ்ட் செய்துவிட்டு, புரதம் ஒழுகுகிறது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார். அடுத்துக் கேட்டதுதான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது.

"முகத்துக்கு என்ன போடுறீங்க?"

மஞ்சள் என்றாள் கவிதா. டாக்டர் நம்பவில்லை. சில சிவப்பழகு க்ரீம்களில் பாதரசம் இருக்கும், அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பொறுமையாகச் சொன்னதும் ஒப்புக்கொண்டாள். ரத்தத்திலும் பார்க்கலாம்... ஆனால் க்ரீமும் கிடைத்தால் காரணம் உறுதியாகும், கொண்டுவாருங்கள் என்றார். அதற்குத்தான் டப்பா. இந்தப் பளபள டப்பா!

வேறொன்று வாங்கலாமே என்பீர்கள். எங்கே வாங்குவது? லேபிளே இல்லாத சரக்கு. ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெண் விற்ற பெரிய டப்பாவை, தெருவில் ஆறு வீட்டார் சேர்ந்து வாங்கி, ஸ்பூனால் பங்கு பிரித்துக்கொண்டார்களாம்.

மற்ற ஐந்து வீட்டுக்கும் நானே போனேன்.

"ஐயோ, நாங்க வெறும் பயத்தமாவுதானுங்க!"

ஐந்து வீட்டிலும் இதே பதில். ஐந்து முகமும் டியூப்லைட் போட்ட மாதிரி வெளுப்பு!

திரும்பி வந்து சொன்னதும் கவிதா அழ ஆரம்பித்துவிட்டாள். தம்பி செந்தில் எழுந்து வெளியே போனான். டிராக்டர் டூல் பாக்ஸைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பியவன் கையில் ஒரு சின்னத் தைல டப்பா. உள்ளே பாதிக்கு வெள்ளையாக க்ரீம்.

"என்னுதுதான்க்கா. அவளுதுல கொஞ்சம் எடுத்து வெச்சிருந்தேன்."

"உனக்கெதுக்குடா இது?"

"அவ பாட்டுக்குக் கலர் ஏறிட்டே போறா. கண்ணாலத்துக்குப் போனா என்னைய அவ டிரைவரான்னு கேக்கறாங்க..."

சிரிப்பதா, அழுவதா? கவிதாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க... நீங்களுமா?"

அந்தத் தைல டப்பாதான் லேபுக்குப் போனது. ரிப்போர்ட் வந்தது. பாதரசம் – இருக்கவே கூடாத அளவு. தம்பியையும் டெஸ்ட் செய்தார்கள். அவனுக்கு லேசாகத்தான் ஏறியிருந்தது, தப்பினான். கவிதாவுக்கு மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, மாதம் ஒரு டெஸ்ட். சீக்கிரம் வந்ததால் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர்.

ரிப்போர்ட்டை ஐந்து வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். அப்போதும் பயத்தமாவுதான் என்றே சாதித்தார்கள். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து முகமும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டன. பயத்தமாவை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது.

ஒன்றை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வீக்கம் வருவதற்கு முன்னால், ஊர்த் திருவிழாவில் கவிதாவைப் பார்த்ததும், "என்ன கவிதா, நல்லாக் கலர் கூடிட்டயே!" என்று கன்னத்தைக் கிள்ளியது நான்தான். ராத்திரி மட்டும் போட்டுக்கொண்டிருந்தவள் அதற்குப் பிறகுதான் காலையிலும் போட ஆரம்பித்தாளாம். குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். வீக்கம் வடிந்து, பழைய கவிதாவாக வந்து கதவைத் திறந்தாள்.

"என்ன கவிதா, இப்படிக் கறுத்..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"...சாப்ட்டயா கண்ணு?"

அவள் க்ரீமை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. நான் கலர் பார்த்துப் பேசுவதை இப்போதுதான் பாதி நிறுத்தியிருக்கிறேன்.