டவுன்லோட் ஏறாத மிஷின்

1

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் கடை திறக்க வரும்போதே குபேந்திரனும் அவன் அக்கா மல்லிகாவும் ஷட்டருக்கு முன்னால் நின்றிருந்தார்கள். ஏழு மாதமாக அவர்கள் காத்திருந்த ஜாம்பி கேம் அன்றுதான் வெளியாகிறது. என்னிடம் கேம் இல்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் நான் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறேன். நாலு டிவி, கேம் ஓடுகிற மிஷின் நாலு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை. வீட்டுக்காரர் ஆரம்பித்த கடை. அவர் போன பிறகு இருபது வருடமாக நான்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் அட்டைப் படத்தைப் பார்த்தே நானூறு டிஸ்கையும் எடுத்துக் கொடுப்பேன். எந்த டிஸ்கில் எங்கே கீறல் என்றும் சொல்வேன். டிஸ்கைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் போச்சு. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அதுவரைக்கும் என் மிஷினில் ஒரு டவுன்லோடும் ஏறியதில்லை. அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2

குபேந்திரன் ஓரிக்கை பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மல்லிகா ஏனாத்தூரில் ஒரு காலேஜ் ஆபீசில் டைப் அடிக்கிறவள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை, தினம் ஊசி. இரண்டு பேருக்கும் முப்பது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூன்றாம் நம்பர் டிவி அவர்களுக்குத்தான்.

ஒரே டிவியில் இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற கேம்தான் அவர்களுக்குப் பிடிக்கும். ஒருத்தரை ஜாம்பி, அந்த நடைப்பிணம், கடித்துக் கீழே தள்ளிவிட்டால், இன்னொருத்தர் பத்து எண்ணுவதற்குள் ஓடிவந்து தூக்கிவிட வேண்டும். குபேந்திரன் ரோட்டில் லாரிக்கே வழி விடாதவன். கேமில் பயந்தாங்கொள்ளி.

"எருமை, எம் முதுவு பக்கம் பாருடா! எங்க ஓடிக்கினு கீற?"

"நீ மட்டும் சும்மா சுட்டுக்கினு இருந்தா எப்டிக்கா? என்ன வந்து தூக்கு!"

"தூக்கறதே என் பொழப்பா போச்சு."

அந்தக் கேமின் அடுத்த பாகம்தான் வரப்போகிறது. அதன் விளம்பர வீடியோவை போனில் வைத்துக்கொண்டு, எனக்கே பத்து தடவை காட்டியிருப்பார்கள்.

ஒரு மாதத்துக்கு முன்னாலேயே குபேந்திரன் கேட்டான்: "டவுன்லோட் போட்டுக்கலாம்மா. வெளியாகற அன்னிக்கே ஆடிரலாம். பக்கத்து ஜெராக்ஸ் கடைல நெட்டு இருக்குது, ஒயர் இழுத்துக்கலாம்."

"டிஸ்குன்னா கையில இருக்குதுபா. நீ ஆடினதும் அடுத்தவன் ஆடுவான். டவுன்லோடுன்னா காத்துல வாங்கி காத்துல வெச்சிருக்கற. கம்பெனிக்காரன் ஒரு நாளைக்கு எடுத்துட்டான்னா யாரப் போயி கேப்ப?"

"இப்ப யாரும்மா டிஸ்கு வாங்கறாங்க?"

"நான் வாங்கறேன்."

மல்லிகா மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் வேணும்மா."

"எல்லாருக்கும்தான் சீக்கிரம் வேணும்" என்று சிரித்தேன். சென்னை மொத்தக் கடையில் டிஸ்க் பெட்டிக்குச் சொல்லி வைத்தேன்.

3

அந்த வெள்ளிக்கிழமை பெட்டி வரவில்லை. மொத்தக் கடைக்காரன் போனில், "ஸ்டாக்கே வரலம்மா, நான் இன்னா பண்ணட்டும்?" என்றான்.

"இப்ப டவுன்லோட் போட்டாகூட சாயந்தரத்துக்குள்ள ஏறிடும்மா" என்றான் குபேந்திரன்.

"நாளைக்கு வந்துடும். முதல் ஆட்டம் உங்களுக்குத்தான். இந்த வார்த்தையில மாத்தம் இல்ல."

"விடுடா, அம்மா சொல்லிட்டாங்க இல்ல" என்று மல்லிகா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நாளைக்கு என்றது பத்து நாள் ஆனது. நடுவில் ஒரு சாயந்தரம் மல்லிகா ஆபீஸ் விட்டுத் தனியாக வந்தாள். காலியாக இருந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

"கண்ணு முன்னால கொசு பறக்கற மாதிரி இருக்குதும்மா."

"இந்தச் சந்துல கொசு ஜாஸ்திமா" என்று காற்றாடியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவள் கொஞ்ச நேரம் காற்றில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

4

திங்கட்கிழமை பெட்டி வந்தது. நல்ல அட்டை, நல்ல படம். திறந்தேன். டிஸ்க் வைக்கிற இடம் காலியாக இருந்தது. ஒரு துண்டுச் சீட்டு மட்டும் கிடந்தது. ஜெராக்ஸ் கடைக்காரரிடம் காட்டினேன்.

"இது கோடு நம்பர்மா. இத மிஷின்ல தட்டிட்டு டவுன்லோடுதான் பண்ணணும். இப்ப பாதி பெட்டி இப்படித்தான் வருது."

எந்த டவுன்லோட் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தேனோ, அதைத்தான் பத்து நாள் காக்க வைத்துப் பெட்டியில் போட்டு வாங்கியிருக்கிறேன்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு குபேந்திரனுக்கு போன் போட்டேன். சென்னையில் கண் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

"ஞாயித்துக்கிழமை காலைல எழுந்திரிக்கும்போதே அக்காவுக்கு ரெண்டு கண்ணும் தெரியலம்மா. உள்ளாற ரத்தம் கசிஞ்சிட்டு இருக்குது. சர்க்கரையால எப்ப வேணா இப்டி ஆவும்னு டாக்டரு முன்னாடியே சொல்லி இருந்தாரு. அதான் அக்கா சீக்கிரம் சீக்கிரம்னு சொல்லிக்கினு இருந்துச்சு."

"என்கிட்ட சொல்லலியேப்பா."

"பாவம்னு பாப்பாங்க, சொல்லாதடான்னுச்சு."

5

ஆபரேஷன் நடந்தது. ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

இரண்டு மாதம் கழித்து, அவள் கேட்டாள் என்று குபேந்திரன் அழைத்து வந்தான். ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒயர் இழுத்து, அந்தச் சீட்டு நம்பரைத் தட்டச் சொல்லிக் கேமை ஏற்றி வைத்திருந்தேன். சொன்ன வார்த்தைக்காக அதை யாருக்கும் போடவில்லை. கேம் ஆடுகிற ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன்.

"பக்கத்துல உக்காந்து சொல்லுங்கம்மா, எங்க வருதுன்னு" என்றாள்.

சொன்னேன். "இடது பக்கம்மா. ரெண்டு. இல்ல, மூணு." என் வாய் சொல்லி முடிப்பதற்குள் ஜாம்பிகள் மேலே வந்து விழுந்தன. குபேந்திரன் அவளுக்கு முன்னால் நின்று சுட்டுக்கொண்டே இருந்தான். அன்றைக்கு அவன் எங்கேயும் ஓடவில்லை. கடைசியில் அவனையும் கடித்துத் தள்ளிவிட்டன. திரையில் எண்ணிக்கை ஓட ஆரம்பித்தது.

"எங்கடா இருக்க? சொல்லு, வந்து தூக்கறேன்."

"வலது பக்கம்க்கா... இன்னும் கொஞ்சம்... செவுரு இடிக்குது பாரு, திரும்பு..."

அவள் சுவரிலேயே முட்டிக்கொண்டிருந்தாள். ஏழு. எட்டு. ஒன்பது.

"விடுக்கா" என்றான் அவன். "நான் செத்துட்டேன்."

மல்லிகா ரிமோட்டின் ஒயரைச் சுற்றி, தடவிப் பார்த்து மேஜைமேல் வைத்தாள். "கேமு நல்லாதான் இருக்குதும்மா" என்றாள். அதற்குப் பிறகு அவள் கடைக்கு வரவில்லை.

இப்போது நாலு மிஷினிலும் டவுன்லோட் ஏறுகிறது. டிஸ்க்தான் நல்லது என்று இன்றைக்கும் சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒருத்தர் வந்து சீக்கிரம் வேண்டும் என்றால், எதற்குச் சீக்கிரம் என்று முதலில் கேட்கிறேன். புதிதாகக் கடை வைக்கிறவர்களும் கேளுங்கள். மல்லிகாவிடம் நான் கேட்கவில்லை.