கருப்பட்டிக்குப் போட்ட கோடுகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு இருக்கிறது. எண்பது பக்கம். அட்டையில் என் கையெழுத்தில் ‘வரலாறு, இரண்டாம் ஆண்டு’ என்று எழுதியிருக்கும். உள்ளே வரலாறு இல்லை. பக்கம் பக்கமாகப் பென்சில் கோடுகள்தான். நான்கு நிமிர்ந்த கோடு, குறுக்கே ஒரு கோடு, அப்படி ஐந்தைந்தாகக் கட்டுகள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, கிழமை, தொடங்கிய நேரம், முடித்த நேரம். போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை வெளியே எடுத்தபோது என் மகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்னப்பா இது, ஜெயில்ல இருந்தீங்களா?” என்று கேட்டாள். இல்லை, உன் பெரியம்மாவோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன் என்றேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

2003ஆம் ஆண்டு ஜனவரியில் என் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. அண்ணன் வடமதுரையில் பள்ளி ஆசிரியர். காலை ஏழே முக்கால் பஸ்ஸுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் நாகல் நகர் வீட்டுக்குத் திரும்புவார். அண்ணிக்குப் பூர்வீகம் பழனிப் பக்கம். பிறந்து பள்ளி முடித்தது குவைத்தில். ஆனாலும் அவர்கள் வீட்டில் பேசிய தமிழ் மாறவில்லை. என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்னை ‘வாங்க தம்பி, போங்க தம்பி’ என்றது எனக்கு முதல் வாரம் முழுக்கக் கூச்சமாக இருந்தது. அம்மாவுக்கோ அது பெருமை. “உனக்கு இம்புட்டு மரியாதை யாரும் குடுத்திருக்க மாட்டாக, அனுபவிச்சுக்க” என்பாள்.

அண்ணியின் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே, ஒரு துண்டில் சுற்றி, கையடக்க வீடியோ கேம் ஒன்று வந்திருந்தது. ஊதா நிறம். இரண்டு பென்சில் செல்லில் ஓடும். உள்ளே இருந்த விளையாட்டு, விதவிதமான விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, இன்னொருவருடைய பிராணியோடு மோதவிடுவது. அண்ணியின் தம்பியிடமும் அதேபோல் ஒன்று இருந்தது. அவன் அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு கருவிகளையும் ஒரு ஒயரால் இணைத்தால் அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் மோதலாம். சிறு வயதிலிருந்தே அவர்கள் வருடத்துக்கு ஒரு முறை மோதுவார்களாம். அதற்கு அவர்களே வைத்த சட்டம் ஒன்று இருந்தது. ஆளுக்கு ஒரே பிராணி. அதை ஒரு மாதம் முன்பே பெயர் சொல்லி அறிவித்துவிட வேண்டும், பிறகு மாற்றக் கூடாது. தோற்றவர் தோற்ற பிராணியை விளையாட்டுக்குள்ளேயே காட்டில் விட்டுவிட வேண்டும். விட்டால் விட்டதுதான், திரும்பக் கிடைக்காது.

கல்யாணம் ஆகி வந்த முதல் மாதம் அண்ணிக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாது. மாதா கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் அம்மாவோடு போய் வருவார். மீதிப் பொழுதெல்லாம் அந்த ஊதாப் பெட்டிதான். அந்த மாதத்தில், விளையாட்டுக்குள் ஒரு முட்டையைச் சுமந்துகொண்டு மணிக்கணக்காக நடந்து, அது பொரிந்து வந்ததுதான் கருப்பட்டி. கீரிப்பிள்ளை போன்ற உடம்பு, பழுப்பு நிறம், காதோரம் தீப்பொறி. பெயர் வைக்கப் பத்து ஆங்கில எழுத்துதான் இடம் கொடுக்கும், கருப்பட்டிக்குச் சரியாகப் பத்து என்று அண்ணி விரல் விட்டு எண்ணிக் காட்டினார். “இந்த வீட்டுக்கு வந்து எனக்குன்னு பொறந்தது இதுதானுங்க தம்பி” என்று சிரித்தார். அம்மா அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் விடாமல் கேட்பாள்: “என்னத்தா, உங் கருப்பட்டி சாப்டுச்சா?”

இந்த வருடம் மோதலுக்குக் கருப்பட்டிதான் என்று அண்ணி முடிவு செய்தது ஏப்ரலில். நாள் ஆகஸ்ட் பதினைந்து. மாதா திருநாள், சுதந்திர தினம், இரண்டுக்குமாக லீவு, தம்பி வருவான். அவனுடைய பிராணி எது என்று அவருக்கு முன்பே தெரியும். சிறகு முளைத்த பாம்பு ஒன்றைத்தான் அவன் இரண்டு வருடமாக வளர்த்து வந்தான். அதுவும் சரி, கருப்பட்டியும் சரி, ஒரே அடியில் எதிராளியை வீழ்த்தும். ஆகவே யார் முந்தி அடிக்கிறார்கள் என்பதுதான் எல்லாம். வேகம் அதிகமுள்ளது முந்தும்.

இங்கேதான் நோட்டு வருகிறது. ஒரு பிராணி எத்தனை பேரை வென்றது என்பதைவிட, யாரை வென்றது என்பது முக்கியம். குறிப்பிட்ட ஒரு நீர்ப்பூச்சியை வென்றால் வேகத்துக்கு ஒரு புள்ளி, ஒரு கல் ஆமையை வென்றால் உறுதிக்கு ஒரு புள்ளி என்று உள்ளுக்குள் சேரும். வேகப் புள்ளிகளுக்கு உச்சம் இருநூற்று ஐம்பத்திரண்டு. நான்கு புள்ளி சேர்ந்தால்தான் கடைசியில் வேகத்தில் ஒன்று கூடும். மொத்தப் புள்ளிக்கும் ஒரு வரம்பு உண்டு. அது நிறைந்துவிட்டால் பிறகு திருத்த வழியில்லை. இதில் எதையும் திரை காட்டாது. எண்ணுவது நம் பாடு. அண்ணி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இந்தப் பட்டியலைத் தேடி எட்டுப் பக்கம் பிரிண்ட் எடுத்தார். கடைக்காரர் தாள்களைப் புரட்டிப் பார்த்து, “என்னக்கா, பிராஜெக்டா?” என்றார். “ஆமாங்க, விலங்கியல்” என்றார் அண்ணி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கணக்கு இதுதான். தம்பியின் பாம்புக்கு வேகம் இருநூற்று நாற்பத்தெட்டுக்கு மேல் போகாது. கருப்பட்டிக்கு ஒரு புள்ளியும் சிந்தாமல் வேகம் ஏற்றினால் இருநூற்று நாற்பத்தொன்பது. ஒன்றே ஒன்று கூடுதல். சண்டை போடுவது அண்ணி, எண்ணுவது நான் என்று ஏற்பாடு. நான் அப்போது வரலாறு படித்துக்கொண்டிருந்தேன், எதற்கும் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. “உங்க கையில குடுத்தா தப்பாதுங்க தம்பி” என்று அண்ணி சொன்னது எனக்கு ஒரு பட்டம் மாதிரி இருந்தது.

அந்தக் கருவிக்குத் திரையில் வெளிச்சம் கிடையாது, வெயிலில் பிடித்தால்தான் படம் தெரியும். மூன்று மணிக்கு எங்கள் மாடிப்படியின் ஐந்தாம் படியில் வெயில் விழும். அண்ணி அங்கே, நான் இரண்டு படி கீழே. வெயில் ஏற ஏற அவரும் படி ஏறுவார், நானும் ஏறுவேன். ஓய்ந்த செல்களைக் கைப்பிடிச் சுவரில் காயவைத்து மறுபடி போடுவோம், இன்னும் செத்த நேரம் ஓடும். நீர்ப்பூச்சி விழுந்ததும் அண்ணி “ஆச்சு” என்பார். நான் ஒரு கோடு போடுவேன். கல் ஆமை குறுக்கே வந்தால் சண்டையிடாமல் ஓடிவிடுவார். “இவனுக்கு வேற வேலையே இல்லீங்க” என்று அதைத் திட்டுவார். ஒரு மணி நேரத்தில் முப்பது கோடு வந்தால் நல்ல நாள். சீக்கிரம் வரும் நாட்களில் அண்ணன் படியேற வழியில்லாமல் நின்று, “ஏலே, ரெண்டு பேரும் எறும்பா எண்ணுறீக? தள்ளுங்க” என்பார்.

ஜூன் மாதத்து ஒரு வியாழக்கிழமை. அன்று நான் நூலகத்திலிருந்து பாளையக்காரர்கள் காலத்தைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்திருந்தேன். நம் ஊர் மலைக்கோட்டையைப் பற்றி அதில் முப்பது பக்கம். நோட்டைத் தொடைமேல் விரித்து, அதன்மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டேன். ஒரு பத்தி படிப்பேன், ஒரு கோடு போடுவேன் என்று நினைத்தேன். கோட்டை முற்றுகைக்குள் போனவன் எப்போது வெளியே வந்தேன் என்று தெரியாது. “எத்தன ஆச்சுங்க தம்பி?” என்று அண்ணி கேட்டபோதுதான் நிமிர்ந்தேன். அவர் எத்தனை முறை ‘ஆச்சு’ சொன்னார்? இரண்டா, மூன்றா, பத்தா? வெயில் ஒரு படி ஏறியிருந்தது. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அதுவரை எண்ணிய நூற்றறுபதும் வீண். அதோடு, என் கையில் கொடுத்தால் தப்பாது என்றவரிடம் எப்படிச் சொல்வது? புத்தகத்துக்கு அடியில் பென்சிலை ஓட்டி, இரண்டு கட்டு, பத்துக் கோடு போட்டேன். “நூத்தி எழுபதுங்க அண்ணி” என்றேன். சொல்லும்போது எனக்கே ‘ங்க’ வந்துவிட்டது. அண்ணி சிரித்தார்.

ஜூலை முதல் வாரம் வேகம் நிறைந்தது. பிறகு தாக்கும் பலத்தை நிறைத்தோம். ஜூலை பதினைந்தாம் தேதி அண்ணி தம்பிக்கு போன் போட்டுக் கருப்பட்டி என்று அறிவித்தார். அவன் அந்தப் பக்கம், “அக்கா, பேரைக் கேட்டாலே காப்பி குடிக்கணும் போல இருக்கு” என்றது எனக்கே கேட்டது. கடைசி நிலைக்குக் கருப்பட்டி ஏறியது ஆகஸ்ட் பதினான்காம் தேதி சாயங்காலம். முழு வேகம் எவ்வளவு என்று திரை எண்ணாகக் காட்டும் இடம் அதுதான். அதற்குள் மொத்தப் புள்ளி வரம்பும் நிறைந்திருந்தது. அண்ணி பார்த்தார். கருவியை அணைத்துவிட்டார். மறுநாள் பூசைக்குக் கிளம்பும்முன், அலமாரியிலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டு அதே இடத்தில் வைத்ததைப் பார்த்தேன். தேதி சரிபார்க்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி பதினோரு மணி வாக்கில், பஞ்சாமிர்த டப்பாவோடு பழனி பஸ்ஸில் வந்து இறங்கினான். சாப்பிட்டு முடித்து மூன்று மணிக்கு அந்த ஐந்தாம் படியில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்தார்கள், நடுவே ஒயர். நான் கீழே. அம்மாகூட அடுப்படி வாசலில் வந்து நின்றாள். மொத்தச் சண்டையும் ஒரு நிமிடம்கூட இல்லை. இருவரும் அடி என்று அழுத்தினார்கள். பாம்பு முந்தியது. கருப்பட்டி விழுந்தது.

“எப்படிக்கா? நீ முந்திருவேன்னுதானே நானே நினைச்சேன்” என்றான் தம்பி. அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. அந்தப் பத்துக் கோடுகள் கண்முன் வந்து நின்றன. அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. “நான் எண்ணுனதுல எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டேன்டா” என்றார்.

‘இவர்தான் எண்ணினார்’ என்று என்னைக் காட்டவில்லை. ‘நாங்கள் எண்ணினோம்’ என்றும் சொல்லவில்லை. ‘நான்’ என்றார். நானும் வாய் திறக்கவில்லை.

“சரி விடுக்கா, காட்டுக்கெல்லாம் அனுப்ப வேணாம். நமக்கென்ன சின்ன வயசா?” என்றான் தம்பி.

“நீ தோத்திருந்தா நான் உட்டிருப்பனா? பேச்சுன்னா பேச்சுடா.” அண்ணி கருப்பட்டியின் பெயரை ஒருமுறை திரையில் திறந்து பார்த்தார். விட்டுவிடவா என்று அது கேட்டது. உறுதியாகவா என்று இன்னொரு முறை கேட்டது. இரண்டு முறையும் அழுத்தினார். அந்தக் கட்டம் காலியானது. எழுந்து போய் எல்லோருக்கும் காப்பி போட்டார். அன்றைக்கு அம்மா ‘கருப்பட்டி சாப்டுச்சா’ என்று கேட்கவில்லை.

நான் ஒன்பது நாள் பொறுத்தேன். ஆகஸ்ட் இருபத்து நான்கு, ஞாயிற்றுக்கிழமை. அண்ணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாளியை எடுத்துக் கொடுப்பதுபோல் போய், புத்தகம், முற்றுகை, பத்துக் கோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வேட்டியை உதறிக் கொடியில் போட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “தெரியுமுங்க தம்பி.”

“எப்படித் தெரியும்?”

“வேகம் ரெண்டு கொறைஞ்சிருந்துச்சு. எங்கன்னு நோட்டுல பார்த்தேன். எண்ணிப் போட்ட கோடு ஒண்ணுபோல ஒண்ணு இருக்காதுங்க. ஒண்ணு சாயும், ஒண்ணு நீளும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நீங்க காத்திருந்தீங்கல்ல? அந்தப் பத்து மட்டும் அச்சடிச்சாப்பல இருக்குது.”

“அப்ப ஏன் அண்ணி உங்க தம்பிகிட்ட நீங்க எண்ணுனதா சொன்னீங்க?”

“அவன் வருசத்துக்கு ஒருக்கா வர்றவன். உங்கள நான் தினமும் பாக்கோணுமுங்க.” அடுத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே, “இன்னொரு முட்ட எடுத்துட்டேன். இதுக்கும் நீங்கதான் எண்ணோணும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிப்போடுங்க, அவ்வளவுதான்” என்றார். கொடியின் மறுபக்கம் துணி மறைத்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

நான் எதிர்பார்த்தது மன்னிப்பு. அது கிடைத்திருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். அவர் பென்சிலை மறுபடி என்னிடமே கொடுத்தார். அடுத்த பிராணியின் பெயர் வெல்லம். செப்டம்பரில் எண்ணத் தொடங்கினோம்.

அண்ணனும் அண்ணியும் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் விளையாடும் புதிய விளையாட்டில் அந்த மறைவான புள்ளிகளையெல்லாம் திரையே படம் போட்டுக் காட்டிவிடுகிறது. “இப்பெல்லாம் கொழுந்தனே தேவையில்லீங்க தம்பி” என்று போனில் சிரித்தார் அண்ணி. நான் இந்த ஊரைப் பற்றிச் சில குறிப்புகளைத் திரட்டி வருகிறேன். எந்தத் தெரு எப்போது வந்தது, எந்தக் கிணறு எப்போது மூடியது என்பது போன்ற, பெரிதாக யாருக்கும் பயன்படாத சங்கதிகள். அவற்றில் நிறைய இடங்கள் காலியாக இருக்கின்றன. ஊகித்து நிரப்பக் கை நீளும்போதெல்லாம் அந்தத் துணிக்கொடி நினைவுக்கு வரும்.

மகள் நோட்டைத் திருப்பித் தந்தபோது கடைசிப் பக்கங்களுக்குப் போனேன். வெல்லத்துக்குப் போட்ட கோடுகள். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணி ஐந்து நிமிடம். கட்டுகள் கோணல்மாணலாக நூற்றுமுப்பது வரை போகின்றன. அந்த இடத்தில் என் கையெழுத்தில் ‘தெரியவில்லை’ என்று இருக்கிறது. அன்று தெருவில் ஏதோ சத்தம், எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். சொன்னேன். அண்ணி “சரிங்க” என்றார், அந்த வெல்லத்தை ஓரமாக வைத்தார், இன்னொரு முட்டையைத் தூக்கிக்கொண்டு விளையாட்டுக்குள் நடக்கத் தொடங்கினார்.

அதற்குக் கீழே, பத்து நாள் தள்ளி ஒரு தேதி. மூன்று மணி. ஒரே ஒரு கோடு, கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து.