கறுப்பு எந்தப் பக்கம்?

எங்கள் தையற்கடையில் பழைய துணி திருத்தும் அக்காவுக்குப் பட்டப்பெயர் ‘பிரிப்பு’. ஒரு தையல் கோணினால் போதும், முழுவதையும் பிரித்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். கால்சட்டை முழங்காலில் கிழிசல் அடைக்கும்போது, துணியை இழுத்துச் செல்லும் பற்களை மெஷினில் இறக்கிவிடுவோம். பிறகு துணி நம் கை போன போக்கில் போகும். அப்படி அடைத்த ஒரு கிழிசல் அணில் வாலைப்போல இருக்கவே, வாலுக்கு ஏற்ற அணிலையும் தைத்துப் பார்த்தவர் அவர். யாரும் சொல்லித் தரவில்லை. பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு தாளை நகர்த்திப் படம் போடுவதைப் போன்ற வேலை அது.

பக்கத்துச் சலூன்காரரின் பூனை செத்துப்போனது. அதன் முகத்தைத் தைத்துத் தரச் சொல்லிக் கேட்டார். பாதி முகம் கறுப்பு, பாதி செம்பட்டை. அவர் மகள் ஃபோனில் எடுத்த படம் ஒன்றுதான் கையிருப்பு. அக்கா ஒழிந்த நேரமெல்லாம் அதிலேயே உட்கார்ந்தார். முடி படிந்த திசையிலேயே நூலும் ஓடியது. மூக்கின்மேல் குட்டை குட்டையாக, கன்னத்தில் நீளமாக விரிந்து. கறுப்புக்குள் பழுப்பும் நீலமும் சாம்பலும் இருந்தன. கண்ணில் அந்த வெள்ளைப் புள்ளி விழுந்ததும், துணி வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அது என்னைப் பார்த்தது.

சலூன்காரர் வந்து விரலால் தடவினார். வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாம் சரிதாம்மா. ஆனா இது அவ இல்ல.”

கறுப்பு இடப்பக்கம் இருக்க வேண்டுமாம். அக்கா வலப்பக்கம் வைத்துவிட்டாராம். அக்கா ஃபோன் படத்தைக் காட்டினார். அதிலும் வலப்பக்கம்தான். அப்படியானால் படமே தப்பு என்றார் மனுஷன். இதை மாட்டினால் கண்ணெதிரே வேறு ஏதோ பூனை இருப்பதுபோல் இருக்கும், வேண்டாம் என்றார்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. அத்தனை நெருக்கமான தையலைப் பிரித்தால் மிஞ்சுவது சல்லடைதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. “மொதல்ல கண்ணாடிய மாத்துங்கண்ணே” என்றேன். நான் சொன்னது அவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியை. அக்கா காதில் வேறு கண்ணாடி விழுந்திருக்க வேண்டும். சட்டென்று நிமிர்ந்தார்.

“அண்ணே, கடையில அவ எங்க உக்காருவா?”

“எனக்குப் பின்னாடி, ஜன்னல் திட்டுல. வேற எங்க?”

அக்கா துணியை, அதை இறுக்கிப் பிடித்திருந்த தையல் வளையத்தோடு தூக்கிக்கொண்டு சலூனுக்குள் நடந்தார். நாங்களும் போனோம். அங்கே பாதி வெட்டிய தலையோடு ஒருவர் காத்திருந்தார். அக்கா வளையத்தை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்துவிட்டு, எப்போதும்போல நின்று வேலையைப் பாருங்கள் என்றார்.

சலூன்காரர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, சுவர்க்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். கறுப்பு இடப்பக்கம் இருந்தது. நாளெல்லாம் பூனைக்கு முதுகு காட்டி நின்றே வேலை செய்தவர்; அவர் அதைத் தடவியது நேரில், பார்த்ததெல்லாம் கண்ணாடியில்.

சீப்பையும் கத்தரிக்கோலையும் எடுத்து வெட்ட ஆரம்பித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு நூலும் தனி முடியாக எழுந்து நின்றது. மூச்சு விடுகிறதோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரம் போயிருக்கும். கண்ணாடியைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

“தள்ளி உக்காருடி. முடி பறக்குதுல்ல.”

யாரிடம் பேசுகிறார் என்று நாற்காலியில் இருந்தவர் திரும்பிப் பார்க்கப் போனார். சலூன்காரர் அவர் தலையைப் பிடித்து நேராக வைத்தார்.