மலையில மறைஞ்சாலும் மறைஞ்சதுதான்

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிட மாட்டோம். தமிழ்ச் சமணர் வீடுகளில் அதுதான் வழக்கம். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சி சோற்றில் விழுந்து சாகும், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்பார்கள். ஆனால் செஞ்சியில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊருக்கு மேற்கே கோட்டை மலை நிற்கிறது. நிஜமாக அஸ்தமிப்பதற்கு வெகு முன்னாலேயே சூரியன் அந்த ராஜகிரி மலைக்குப் பின்னால் போய்விடும். எதை அஸ்தமனம் என்பது? "வானம் இன்னும் வெளுப்பாத்தான இருக்குது, சாப்புடுங்க" என்பார் நைனா, என் அப்பா. என் அக்கா ஒத்துக்கொள்ளவே மாட்டாள். "மலையில மறைஞ்சாலும் மறைஞ்சதுதான்" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். பத்து வயதில் பிடித்த பிடிவாதம் அது. கடைசி வரைக்கும் விடவில்லை.

என்னைவிட ஆறு வயது மூத்தவள். சாயங்காலம் கோட்டை அகழியோரம் நான் விளையாடிக்கொண்டிருப்பேன். அவள் கரைமேல் நின்று கத்துவாள்: "டேய், பொழுது பூடுது, ஓடியா!" இரண்டு பேரும் மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே, கடலைச் செடிகளைத் தாண்டித் தாண்டி வீட்டுக்கு ஓடுவோம். மலையின் நிழல் எங்களுக்குப் பின்னாலேயே நீண்டுகொண்டு வரும். நிழல் எங்களை முந்திவிட்டால் அன்றைக்கு ராத்திரி பட்டினி. அவள் என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். எத்தனை நாள் அப்படி ஓடியிருப்போம்! அந்த ஓட்டத்துக்காக இப்போதும் ஏங்குகிறேன். ஊருக்காக அல்ல, அந்தக் கைக்காக.

பிறகு சென்னைக்குப் படிக்கப் போனேன், வேலை கிடைத்தது, கவிஞன் என்று நாலு பேர் சொன்னார்கள். போன முதல் மாதமே ராத்திரி ஒன்பது மணிக்குப் பரோட்டா தின்றேன். அதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கம் வேறு விஷயத்தில். என் பெயரைக் கேட்டதும், சமணன் என்று தெரிந்ததும், "ஓ, சேட்டா?" என்பார்கள். வீடு தேடிப் போனால், "தமிழ் நல்லா பேசறீங்களே, எத்தன வருஷமா இங்க இருக்கீங்க?" ஒரு பத்திரிகை ஆசிரியர் என் கவிதையைப் புரட்டிவிட்டு, "மூலம் எந்த மொழி?" என்றார். அட போங்கய்யா! என் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் செஞ்சியை அடுத்த வல்லத்துப் பக்கம் ஏர் ஓட்டினவர்கள். எனக்குத் தமிழைத் தவிர எந்த எழவும் தெரியாது. முதலில் சிரித்தேன், பிறகு விளக்கினேன், பிறகு சண்டை போட்டேன். எழுபது வயதில் சண்டை மட்டும்தான் மிச்சமிருந்தது.

அக்கா என் கவிதையை என் வாயால் ஒருநாளும் கேட்டதில்லை. கவியரங்கம் எல்லாம் விளக்கு வைத்த பிறகுதான் நடக்கும். அந்த நேரத்துக்கு அவள் சாப்பிட்டுப் படுத்திருப்பாள். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து புத்தகமும் படிக்க முடியவில்லை. "சாவறதுக்குள்ள ஒரு தடவ உன் பாட்ட நீ படிச்சு நான் கேக்கணும்டா" என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்வாள். அவளுக்குக் கவிதை என்றாலே பாட்டுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் செஞ்சியிலேயே எனக்கொரு பாராட்டு விழா வைத்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கே ஆரம்பம் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். அக்காவையும் நிழலையும் வைத்து, நாங்கள் ஓடிய ஓட்டத்தைப் புதுக் கவிதையாக எழுதி மனப்பாடமும் செய்து வைத்திருந்தேன். முன்வரிசையில் மருமகளோடு வந்து உட்கார்ந்தாள். பட்டுப்புடவை. அவள் கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

மூன்று மணி விழா நாலரைக்குத் தொடங்கியது. சால்வை, வாழ்த்து, மறுபடி சால்வை. அப்புறம் விழாத் தலைவர் எழுந்தார். நல்ல மனிதர், ஓய்வு பெற்ற ஆசிரியர், தெற்கேயிருந்து மாற்றலாகி வந்து செஞ்சியில் வீடு கட்டிக்கொண்டவர். என்னைக் காட்டி, "வடக்கேயிருந்து நம்ம மண்ணுக்கு வந்து, நம்ம தமிழைக் கத்துக்கிட்டு, நமக்கே கவிதை சொல்றார்னா சும்மாவா!" என்றார். கூட்டம் கைதட்டியது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சென்னையில் சொன்னால் சரி, என் ஊரிலேயேவா? வந்தவர் அவர், இருந்தவன் நான். மைக்கைப் பிடித்தேன். "தொண்டூர்ப் பாறையில படுக்கை வெட்டினது யாருன்னு நினைக்கிறீங்க?" என்று ஆரம்பித்தேன். செஞ்சிக்குப் பக்கத்திலேயே, சமண முனிவர்கள் படுக்க வெட்டின கல்படுக்கை அது. பழைய பாட்டு, பழைய இலக்கணம், எங்கள் ஆட்கள் எழுதியது எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். என்னமாய்ப் பேசினேன் தெரியுமா! தலைவர் முகம் சுண்டிப்போனது. அக்கா ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். சபாஷ் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஏறிப் பேசினேன். அவள் இரண்டாவது முறை ஜன்னலைப் பார்த்துவிட்டு, மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சூரியன் மலைமேல் உட்கார்ந்திருந்தது. காலையில் இரண்டு இட்லி தின்றவள், சர்க்கரை மாத்திரைக்காரி, வேறென்ன செய்வாள்? காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே கவிதையைச் சொன்னேன். நன்றாகத்தான் கைதட்டினார்கள்.

அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் சாப்பிட்டு முடித்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாத்துக்குடா அந்த மனுஷங்கிட்ட மல்லுக்கட்டிக்கினு இருந்த?"

"அவரு சொன்னத நீ கேட்டியாக்கா? நான் யாருன்னு தெரியாம..."

"நீ யாருன்னு எனக்குத் தெரியாதா? நான் பாட்டு கேக்க வந்தன்டா. செரி, இப்பப் படி."

எனக்குக் கோபம் தணியவில்லை. தலைவருக்கு எழுத வேண்டிய கடிதம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "விடுக்கா, மனசு சரியில்ல. அடுத்த தடவ வரும்போது" என்றேன். எழுபது வயதுக்காரன் எழுபத்தாறு வயதுக்காரியிடம் சொல்கிற பேச்சா அது? விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். கடிதத்தை எழுதினேன், நாலு பக்கம்.

அடுத்த தடவை நான் செஞ்சிக்குப் போனது நாலு மாதம் கழித்து, அவள் செத்துப்போன அன்றைக்கு. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அழுகைகூட வரவில்லை எனக்கு. தூணோரம் நின்றிருந்தேன். தலைவர் மாலையோடு வந்தார். என் கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அம்மாவ இங்கயே எடுத்துடறீங்களா சார், இல்ல சொந்த ஊருக்குக் கொண்டு போறீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு நாக்கு நுனியில் எல்லாம் வந்தது, பாறை, இலக்கணம், முப்பாட்டன் எல்லாம்.

"இங்கதான் சார்" என்றேன். அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் காதுப்பக்கம் குனிந்து, கவிதையை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னேன்.

நாலு நிமிஷம்தான் ஆனது.