ஜெயரூபியின் பத்தாவது கணக்கு

பரந்தன் சந்தியில் பஸ் பிந்தினால் கதை முந்தும். அப்படி முந்திய கதை இது: முன்பள்ளி ஜெயரூபி ரீச்சர் வீட்டில், பின்னேரம் விளக்குப் போட்ட கையோடு ஒரு ஆம்பிளைக் குரல் கேட்கிறதாம். ரீச்சரோ தனியாள். தாய் போன வருடம் காலமாகிவிட்டார், தம்பி பிரான்சில்.

விசாரிக்காமல் அச்சில் போடலாமா? விசாரணைக்குத் தோதான ஆள் பக்கத்து வளவு ஜெகதீஸ்வரி. தேடிப் போனால், அவா ஏற்கனவே விசாரித்து முடித்திருந்தார்.

ஜெகதீஸ்வரி ரீச்சர் வீட்டுக்குப் போனது சீனி கேட்கும் சாட்டில். குரல் வாசலுக்கே கேட்டது. ஆம்பிளைதான்.

"கூட்டினா ஏழு, பெருக்கினா பன்னிரண்டு. எந்த ரெண்டு?"

"மூண்டும் நாலும், சேர்" என்றாள் ஜெயரூபி, கதிரையில் சாத்தி வைத்திருந்த போனைப் பார்த்து.

அது பதிவு செய்து அனுப்பிய குரல். பதில் சொன்னால் அதற்குக் கேட்காது. அதற்காக ஜெயரூபி பதில் சொல்லாமல் விடுவதில்லை.

"ஆரோட பிள்ளை கதைக்கிறாய்?"

"ஒருத்தரோடயும் இல்லை அக்கா. ஓ.எல். கணக்குப் படிக்கிறன்."

"கணக்கோ! நான் நல்ல விசயமாக்கும் எண்டெல்லோ ஓடி வந்தனான்" என்று ஜெகதீஸ்வரி சீனியைக்கூட மறந்து திரும்பினார்.

விசயம் நல்லதோ கெட்டதோ, ஜெயரூபிக்கு அதில்தான் சீவியம் தொங்கியது. பள்ளிக்கூடத்தில் தவறவிட்ட ஓ.எல். சோதனையில் கணிதம் பாஸ் பண்ணிச் சித்தியடையாவிட்டால் தையிலிருந்து முன்பள்ளிக்கு வேறு ஆள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. காலையில் "ரீச்சர், ரீச்சர்" என்று சீலையைப் பிடித்து இழுக்கும் பிள்ளைகளும் இல்லையென்றால், அந்தக் கல்வீட்டில் அவளை யாரும் எதற்கும் கூப்பிடப்போவதில்லை.

அவளுக்கு இடித்தது இருபடிக் கோவை. காரணிப்படுத்தல் பாடம் நடந்த மாதம் அவள் குடும்பம் சண்டையில் இடம்பெயர்ந்து சட்டிபானையோடு தெருவில் நின்றது. பிறகு வவுனியா முகாமின் தறப்பாள் கொட்டிலில் குந்தியபோது, படிப்பித்தவர் சமன்பாட்டுக்குப் போய்விட்டார். அதனால் x வர்க்கத்தை எங்கே கண்டாலும் அவள் பின்னால் "= 0" போட்டு, சூத்திரத்தைப் பிரயோகித்து, x ஐப் பிடித்துக்கொண்டு வந்துதான் ஓய்வாள்.

குரலுக்குரிய 'சேர்', கிருசாந்தன், வவுனியாவில் கம்பஸ் படிக்கும் பெடியன். வாட்ஸ்அப் குழுவில் படிப்பிக்கிறான். மற்றவர்கள் எல்லாம் பதினாறு வயதுக்காரர். x² + 7x + 12 ஐக் காரணிப்படுத்தச் சொன்னதற்கு அவள் x ஐப் பிடித்து அனுப்பிய முதல் விடைக்கு அவனுடைய பதில்:

"அக்கா, காரணிப்படுத்தச் சொன்னா (x + 3)(x + 4) எண்டு எழுதிப்போட்டு எழும்புங்கோ. சும்மா கிடந்த கோவைக்கு ஏன் பூச்சியத்தைக் கட்டி விடுறியள்? x துலைஞ்சு போச்செண்டு ஆர் உங்களுக்கு முறைப்பாடு தந்தது?"

ஜெயரூபி தனியே இருந்து சிரித்தாள். திரும்பப் போட்டுக் கேட்டாள். குசினியிலும் போட்டுக் கேட்டாள். தன்னைப் பகிடி பண்ண ஒரு ஆள் இருந்து கனகாலம்.

சோதனையில் 2x² − 7x + 3 வந்தது. நடு உறுப்பைப் பிரித்து, (2x − 1)(x − 3) என்று எழுதினாள். கை பழக்கதோசத்தில் சமன் குறிக்குப் போனது. பேனையை மூடிக்கொண்டாள்.

சாதாரண சித்தி. வேலை தப்பியது.

முடிவுகள் வந்த கிழமையே பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குழுவிலிருந்து வெளியேறினார்கள். பின்னேரக் குரலும் நின்றது. சந்தியில் இப்போது கதை வேறு: அந்த ஆள் ரீச்சரை விட்டிட்டுப் போட்டானாம்.

குழுவில் மிஞ்சியிருப்பது அவளும் கிருசாந்தனும். அவனும் ஒரு கணக்குக்காகத்தான் இருக்கிறான். கடைசியாகக் கொடுத்த பத்தில் அவள் ஒன்பதுதான் அனுப்பினாள்.

"வாழ்த்துக்கள் அக்கா. ஆனா பத்தாவது இன்னும் வரேல்லை. சித்தியடைஞ்சாலும் கடன் கடன்தான். அதைத் தந்தாத்தான் குழுவை மூடுவன்."

பத்தாவது x² − 3x − 10. அதை அவள் எப்போதோ செய்துவிட்டாள். (x − 5)(x + 2). பெருக்கியும் சரிபார்த்தாயிற்று. அனுப்பினால் "சரி" என்று வரும். அவ்வளவுதான்.

நேற்றும் கேட்டிருந்தான்: "என்ன அக்கா, இன்னும் முடியேல்லையோ?"

ஜெயரூபி அந்தக் குரலை இரண்டாம் தரமும் கேட்டுவிட்டு எழுதினாள்:

"கொஞ்சம் இடிக்குது சேர். நாளைக்கு அனுப்புறன்."