காப்புக் கட்டிய தவுக்கே

ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்ற செய்தி வந்த வாரம், விடிந்ததும் ரஹாங்கிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அக்காள் இருந்தாள். பதினாறு மைல்தான். ஆனால் டியூபுக்குப் பதிலாக ரப்பர் குழாயை அடைத்த டயர் இடுப்பை ஒடித்துவிட்டது. வழியில் எரிந்த சீனர் கடைகள். அடுத்த வளைவில் எரிந்த மலாய் வீடுகள். யார் தொடங்கியது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கிழங்கு விற்றவள் ஜப்பான் நோட்டைத் தொடவே மறுத்தாள். தோளில் கிடந்த துண்டைக் கொடுத்துப் பசியாறினேன்.

நண்பகலில் தோட்டத்தை அடைந்தேன். லய வீடுகளில் குடியிருந்த தோட்டத்து ஆட்கள் எல்லாரும் மாரியம்மன் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தோட்டத்துக் கடை முதலாளியான சீனத் தவுக்கேயும் அவர் மனைவியும். எல்லார் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு.

"தவுக்கேய வெட்ட வர்றாங்களாம் தம்பி. கைய நீட்டு," என்று அக்காள் எனக்கும் காப்புக் கட்டினாள். கட்டிவிட்டால் தீமிதி முடியும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மறுநாளே திரும்ப நினைத்திருந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பிற்பகலில் பாராங் கத்திகளோடு ஒரு கூட்டம் வந்தது. முன்னால் நின்ற மலாய்க்காரரின் தம்பியை இரண்டு நாளுக்கு முன் சீனர்கள் யாரோ கொன்றிருந்தார்கள். அழுது சிவந்த கண்கள். தோட்டத்துக் கங்காணியான மண்டோர் எழுந்து தவுக்கேயின் கையைத் தூக்கிக் காட்டினார்.

"இவரு அம்மனுக்குக் காப்புக் கட்டிட்டாரு லா. தீ மிதிக்காம எங்கயும் விட முடியாது."

ஜப்பான் சண்டைக்கு முன்பு வருஷம் தவறாமல் தீமிதி பார்க்க வந்தவர் அந்த மலாய்க்காரர். கயிற்றையே பார்த்தார். "மிதிக்கிறாரா என்று பார்க்க வருவேன்," என்று மலாயில் சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு திரும்பினார்.

தவுக்கே மண்டோரின் பக்கம் திரும்பினார். "மெய்யாவே நானும் நடக்கணுமா?"

"கட்டியாச்சே," என்றார் மண்டோர்.

வெள்ளிக்கிழமை மாலை ரப்பர் விறகு தணலானது. மண்டோர் முன்னே, தவுக்கே பின்னே. அவர் ஓடவில்லை. வந்த கண்ணீரை மறைக்க எனக்குத் தோன்றவில்லை. குழியைக் கடந்ததும் தவுக்கேயின் காப்பை அவிழ்க்க மண்டோர் குனிந்தார். வெறுங்கையோடு நின்றிருந்த அந்த மலாய்க்காரர் தடுத்தார்.

"அவருக்கு இருக்கட்டும். பக்கத்து மலாய்க் கம்பத்து ஊர்க்காரர்கள் இன்னும் பார்க்கவில்லை."

மறுநாள் காலையில் கிளம்பும்போது அக்காளிடம் மீதிக் கயிற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ரஹாங்கில் என் எதிர்வீட்டுக்காரரும் சீனர்தான்.